பழஞ்சீட்டும் அதன் மதிப்பும்

சீட்டு என்னும் சொல் காதில் விழுந்த மாத்திரத்திலேயே முகஞ்சுளிப்போர் நம்மவருள் அநேகர். அவர்களைக் குறைகூற நான் முன்வரவில்லை. சம்பள நாளன்று மாலையில், லயத்தின் பின்புறத்தே விரித்த பாயில் மாதம் முழுதும் உழைத்த கூலியைத் தோற்றுவிட்டு, பெண்டிரும் பிள்ளைகளும் உறங்கிய பின்னர் ஓசைப்படாமல் வீடு திரும்பிய தகப்பன்மாரைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். ஆதலின், இக்கட்டுரை ஒரு சீட்டைப் பற்றியது என்றறிந்ததும் இதழை மடித்துவைக்க எண்ணும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். நான் கூறப்புகுவது அந்தச் சீட்டு அன்று. ஆயினும் அதற்கும் இதற்கும் யாதோர் உறவுமில்லை என்று சாதிக்கவும் நான் துணியேன். உறவு உண்டு, அது எத்தகையது என்பதை மறைக்காமற் சொல்லிவிடுகின்றேன்.

1993ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் வகுத்த ஓர் ஆட்டத்தை விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்னும் கம்பெனியார் வெளியிட்டனர். மேஜிக் த கேதரிங் என்பது அதன் பெயர். ஆடுவோர் இருவரும் தம்மை மந்திரவாதிகளாகப் பாவித்துக்கொள்ள வேண்டும். நிலச்சீட்டுகளைச் சாய்த்து ஆற்றலைப் பெற்று, அவ்வாற்றலைச் செலவிட்டுப் பிராணிகளையும் மந்திரங்களையும் களத்தில் இறக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் 20 உயிர்ப்புள்ளிகள். எதிரியின் புள்ளிகளை இல்லாமற் செய்தவரே வென்றவர். நாமறிந்த சீட்டுக்கட்டில் உள்ளவை 52. யார் கையிலிருந்தாலும் அவை அவைதாம். இவ்வாட்டத்திலோ அவரவரும் தத்தம் சீட்டுகளை வாங்கிச் சேர்த்து, அவற்றுள் குறைந்தது 60ஐத் தேர்ந்து, தமக்கென ஓர் அடுக்கை அமைத்துக்கொள்வர். உள்ளே எது இருக்கிறது என்று தெரியாத மூடிய பொட்டலங்களாகவே அவை விற்கப்படுகின்றன. இவ்வாட்டத்தின் இனிமையும் அங்கேதான் இருக்கிறது. நஞ்சும் அங்கேதான் இருக்கிறது.

நஞ்சு என்றேன். தொடக்க காலத்து விதிகளிலேயே பந்தயம் என ஒன்று இருந்தது. ஆட்டம் ஆரம்பமாகுமுன் இருவரும் தத்தம் அடுக்கிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததுபோல ஒரு சீட்டை எடுத்து ஒதுக்கிவைப்பர்; வென்றவன் இரண்டையும் கொண்டுபோவான். இதைச் சூதென்னாமல் வேறு என்னவென்பது? நல்லகாலமாகப் போட்டிகளில் அவ்வழக்கம் விலக்கப்பட்டது. பந்தயத்தைக் குறிப்பிடும் சீட்டுகளும் 1995க்குப் பின் புதிதாக வெளிவரவில்லை. மூடிய பொட்டலம் மாத்திரம் ஒழியவில்லை. அதைக் கிழிக்கும் சிறுவனின் நெஞ்சத் துடிப்புக்கும், நாலு நம்பர் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவனின் நெஞ்சத் துடிப்புக்கும் வேற்றுமை காண்பது எனக்கு எளிதாக இல்லை. இதை ஒப்புக்கொண்ட பின், ஆட்டத்தின் மறுபுறத்தைப் பேச எனக்கு உரிமை பிறந்துவிட்டதென்று கருதுகின்றேன்.

நிற்க. எனக்கு இவ்வாட்டத்தைக் கற்பித்தவன் என் தமக்கையாரின் மகன். அவன் தாய் பால்மரம் சீவியவர். தோட்டத்தை விட்டு அக்குடும்பம் பட்டணத்திற்கு வந்து சேர்ந்தபோது அவனுக்குப் பள்ளிப் பருவம். 1990களின் நடுவில், உடன் பயின்ற சீனப் பிள்ளைகளிடம் இதைக் கற்றுக்கொண்டு, உண்ணக் கொடுத்த காசை மிச்சப்படுத்திச் சீட்டுகளைச் சேர்த்தான். அவனிடம் இருந்தவற்றுள் அவன் மிகப் பெருமையாகக் கருதியது, சிறகும் வாளும் உடைய ஒரு மங்கையின் படம் பொறித்த சீட்டு. செரா ஏஞ்சல் என்பது அதன் பெயர். செரா என்பவள் அக்கதையுலகில் தனக்கென ஓர் உலகையே படைத்துக்கொண்ட மந்திரக்காரி. அவளுடைய படையைச் சேர்ந்த தேவதை இவள். படத்தை வரைந்தவர் டக்ளஸ் ஷூலர் என்னும் ஓவியர்.

2022இல் அவன் காலமானான். அவனுக்கு வயது நாற்பதைக் கடந்து ஓராண்டுதான். மனைவியையும், பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்த மகளையும், முன்னூறுக்கு மேற்பட்ட சீட்டுகள் அடங்கிய ஒரு பிஸ்கட் டின்னையும் விட்டுச் சென்றான். அதற்கு முந்திய ஆண்டில்தான், இதே ஆட்டத்தின் முதற்பதிப்பைச் சேர்ந்த பிளாக் லோட்டஸ் என்னும் சீட்டு ஒன்று 5 லட்சம் அமெரிக்க வெள்ளிக்கு மேல் விலைபோயிற்று. அச்செய்தியை யாரோ தமக்கையாரின் செவியில் போட்டுவைத்திருக்கின்றனர். ‘பழைய சீட்டு, பழைய சீட்டு’ என்று ஊரார் சொல்லச் சொல்ல, அந்த டின் ஒரு புதையலாகிவிட்டது. அத்தருணத்தில் சீட்டு வியாபாரி ஒருவர் வீடு தேடி வந்து, அனைத்தையும் புரட்டிப் பார்த்து, “அம்மா, இந்தத் தேவதை ஒன்றுக்கே நூறு வெள்ளி தருகின்றேன், மற்றவை எல்லாவற்றுக்குமாக முந்நூறு” என்றார். “தம்பி, நீ வந்து பார்த்துச் சொல்லு. விலை சரியா? பேத்திக்குப் பணம் கட்ட வேண்டும்” என்று தமக்கையார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஒரு பழைய பிராணிச் சீட்டை மதிப்பிடும் வேலை இவ்வாறு எனக்கு வாய்த்தது.

மதிப்பு என்பது ஒரு சொல்லாயினும் ஒரு பொருள் அன்று. களத்தில் அவள் என்ன செய்வாள் என்பது வேறு. கடையில் அவளுக்கு என்ன கொடுப்பர் என்பது வேறு. பலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு அவதிப்படுகின்றனர். முதலில் களத்தைப் பார்ப்போம். எனக்கு விருப்பமான பகுதியும் அதுவே.

அவளை இறக்க ஐந்து அளவு ஆற்றல் வேண்டும். அவற்றுள் இரண்டு கட்டாயம் வெண்ணிறமாக இருத்தல் வேண்டும். அவளுடைய தாக்குவலி 4, தாங்குவலி 4. அவள் பறப்பவள், பறக்கும் பிராணியைத் தரைப் பிராணி மறிக்க இயலாது. இவையெல்லாம் பிறவற்றுக்கும் உண்டு. அவளுக்கே உரிய சிறப்பு ஒன்றிருக்கிறது: தாக்கச் சென்றாலும் அவள் சாய்வதில்லை. இதன் அருமையை ஆடாதவர்க்கு விளக்க வேண்டும். இவ்வாட்டத்தில் தாக்கப் புறப்படும் பிராணி பக்கவாட்டில் சாய்க்கப்படும். சாய்ந்த பிராணி, எதிரி திருப்பித் தாக்கும்போது மறித்து நிற்க முடியாது. ஆகவே தாக்குவதா, காப்பதா என்பது ஒவ்வொரு முறையிலும் எழும் வினா. என் மருமகன் இதைக் கற்பித்தபோது, “மாமா, எல்லாரையும் சண்டைக்கு அனுப்பிவிட்டால் வீட்டை யார் பார்ப்பது?” என்று கேட்டான். இத்தேவதை சண்டைக்கும் போவாள், வீட்டையும் பார்ப்பாள். கருக்கலில் பெரட்டுக்குப் போய், மரம் சீவி, பாலெடுத்து நிறுத்துவிட்டு வந்து, உலையும் வைத்து, பிள்ளைக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்த தாயரைக் கண்டவர்களுக்கு இவ்வாற்றலை நான் மேலும் விரிக்கத் தேவையில்லை.

அதே முதற்பதிப்பில் அவளுக்கு ஒப்பான வேறு இருவர் இருந்தனர். நீல நிறத்தில் ஏர் எலிமெண்டல் என்னும் காற்றுருவம். கருநிறத்தில் செங்கிர் வேம்பயர் என்னும் குருதியுண்ணி. மூவருக்கும் செலவு 5, மூவருக்கும் வலி 4க்கு 4, மூவரும் பறப்பவர். காற்றுருவத்திற்கு அதற்குமேல் ஒன்றுமில்லை. குருதியுண்ணி தன்னால் அடிபட்ட பிராணி அச்சுற்றில் மடிந்தால் சிறிது வளரும். ஆனால் அறிவுள்ள எதிரி அதை மறித்துத் தன் பிராணியைப் பலிகொடுக்க மாட்டான் ஆதலால், அவ்வளர்ச்சி பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிடும். தேவதையின் சிறப்போ எதிரியின் தயவை எதிர்பார்ப்பதன்று. அவள் வந்த அடுத்த முறையிலிருந்து அது ஒவ்வொரு முறையும் பலன் தரும். சீட்டுகளை எடைபோடப் பழகுவோர் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவென்பது என் துணிபு: எழுதியிருக்கும் ஆற்றல் பெரிதா சிறிதா என்று பாராமல், அது நிகழ யாருடைய சம்மதம் வேண்டும் என்று பார்க்க வேண்டும். பச்சை நிறத்தில் கிரா வேர்ம் என்றொரு பெரும்புழு உண்டு. செலவு 6, வலி 6க்கு 4. எண்ணைப் பார்த்து மயங்கும் சிறுவர் அதையே நாடுவர். ஆனால் அற்பமான ஒரு தரைப்பிராணி நாள்தோறும் குறுக்கே விழுந்து அதைத் தடுத்துவிடக் கூடும்.

தாங்குவலி 4 என்பதிலும் ஒரு நுட்பம் அடங்கியிருக்கிறது. அக்காலத்தில் எல்லாருடைய கையிலும் இருந்த சிவப்பு மந்திரம் லைட்னிங் போல்ட். செலவு 1, விளைக்கும் சேதம் 3. தாங்குவலி 3 உள்ள பிராணி மின்னலுக்கு இரையாகும். 4 உள்ளது பிழைக்கும். ஓர் எண் வேற்றுமையில் உயிர் தங்குகிறது. ஆனால் வெண்ணிறத்திலேயே ‘வாளைக் கலப்பையாக்கு’ என்று பொருள்படும் மந்திரம் ஒன்று உண்டு. அதன் செலவும் 1தான். அதற்கு வலியும் தெரியாது, மெலிவும் தெரியாது. எப்பிராணியையும் ஆட்டத்தினின்றே நீக்கிவிடும். நீக்கப்பட்டவளின் தாக்குவலி அளவுக்கு, அவளை ஆண்டவருக்கு உயிர்ப்புள்ளி கூடும். ஐந்தைக் கொடுத்து இறக்கியவளை ஒன்றைக் கொடுத்து ஓட்டிவிட்டு, நாலு புள்ளியைக் கையில் வைத்துச் சமாதானம் சொல்வது போன்றது அது. இதனால் சிலர், ‘எளிதில் நீக்கப்படக்கூடிய பிராணிக்கு மதிப்பில்லை’ என்று முடிவுகட்டுவதுண்டு. அம்முடிவை நான் ஏற்பதில்லை. எதிரி தன் நல்ல மந்திரத்தை அவள்மீது செலவிட்டான் என்றால், அது வேறெதன்மீதோ விழவில்லை என்பதும் கணக்கில் வரவேண்டும்.

கணக்கென்றதும் மற்றொன்று. முறைக்கு ஒரு நிலம் இட்டால் ஐந்தாம் முறையில் தேவதை இறங்குவாள். புதிதாக வந்த பிராணி அன்றே தாக்கலாகாது என்பது விதி. ஆறாம் முறை முதல் முறைக்கு 4 வீதம் அடித்தால், பத்தாம் முறையில் எதிரியின் 20 புள்ளிகளும் தீரும். பிற உதவி எதுவுமின்றி, தனியொருத்தி ஐந்து அடியில் ஆட்டத்தை முடிப்பாள். அவ்வளவு காலமும் காவலுக்கும் நிற்பாள். இக்கணக்கை நன்குணர்ந்தவர் பிரயன் வைஸ்மன் என்னும் அமெரிக்க ஆட்டக்காரர். 1990களின் நடுப்பகுதியில் அவர் அமைத்த அடுக்கு ‘த டெக்’ என்ற பெயராலேயே புகழ்பெற்றது. எதிரி செய்வதையெல்லாம் தடுப்பதும் அழிப்பதுமே அவ்வடுக்கின் பெரும்பான்மைச் சீட்டுகளின் தொழில். வென்று முடிக்கும் பிராணிகளாக அதில் வைக்கப்பட்டவை இரண்டே இரண்டு செரா தேவதைகள். 1994இல் வெளிவந்த மோட் என்னும் அகழிச் சீட்டை இட்டுவிட்டால் பறக்காத பிராணி எதுவும் தாக்க வர இயலாது. தேவதையோ அகழியைக் கடந்து பறப்பாள். இரண்டு போதுமா என்று ஐயுறலாம். எதிரியின் கை ஓய்ந்த பின்னர் வருபவள் ஒருத்தியே போதும். பிராணிகளைக் குவித்தலே பலம் என்றெண்ணிய காலத்தில் இச்சிந்தனை பெரிய மாறுதலை விளைத்தது.

இது அவளுடைய பொற்காலம். பின்னர் நிகழ்ந்தது வேறு கதை. 1997இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அவளுக்கு இடமில்லை. 2001இல் ஏழாம் பதிப்பில் புதிய ஓவியத்தோடு, அபூர்வச் சீட்டு என்னும் உயர்ந்த தரத்தில், மீண்டு வந்தாள். 2004இல் அவளுடைய சிறப்பாற்றலுக்கு விஜிலன்ஸ், அதாவது விழிப்பு, என ஒரு தனிப்பெயரே சூட்டப்பட்டது. 2009இல் மறுபடியும் இடைத்தரத்திற்கு இறக்கப்பட்டாள். இறக்கப்பட்ட அதே தொகுதியில் பேன்ஸ்லேயர் ஏஞ்சல் என்னும் புதியவள் தோன்றினாள். செலவு அதே 5; வலி 5க்கு 5; பறப்பாள்; சண்டையில் முந்தி அடிப்பாள்; அடித்த அளவுக்குத் தன்னவருக்கு உயிர்ப்புள்ளி சேர்ப்பாள். 2016இல் வந்த ஆர்ச்ஏஞ்சல் அவாசின் இன்னும் கொடியவள். ஏனெனில் செலவு 5, வலி 4க்கு 4, பறத்தல், விழிப்பு ஆகிய அனைத்தும் எழுத்துக்கெழுத்து நம்மவளுக்கு உள்ளவையே. அவற்றுக்கு மேலும், எதிரியின் முறையிலேயே திடீரெனத் தோன்றித் தன்னவர் அனைவரையும் அச்சுற்றில் அழிவினின்று காப்பாள். தக்க சமயத்தில் மறுபுறம் திரும்பி வேறோர் உருவமும் கொள்வாள். இருவரையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், பழையவளைத் தேர்வதற்கு ஆட்டமுறையில் ஒரு காரணமும் சொல்ல முடியாது. இது கசப்பான உண்மை; ஆயினும் உண்மை.

காரணம் என்னவெனில், 1993இல் மந்திரங்கள் வலியனவாகவும் பிராணிகள் மெலியனவாகவும் இருந்தன. ஆண்டுதோறும் புதிய தொகுதி விற்கவேண்டிய கம்பெனியார், பிராணிகளைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே வந்தனர். அன்று ஐந்துக்குக் கிடைத்ததைவிட இன்று ஐந்துக்கு அதிகம் கிடைக்கிறது. அரிசி விலையில் நாம் காண்பதற்கு நேர்மாறான போக்கு! 2008 பெப்ரவரியில் கோலாலம்பூரில் நடந்த புரோ டூர் போட்டியைக் காண என் மருமகன் விடுமுறை எடுத்துக்கொண்டு சென்றான். ஜான் ஃபிங்கல் என்னும் அமெரிக்கர் வென்ற போட்டி அது. அப்போது புதிதாயிருந்த லார்வின், மார்னிங்டைட் தொகுதிகளின் பொட்டலங்களைக் கிழித்து ஆடுவதே அங்கு முறை. பழைய தேவதைக்கு அங்கே இருக்கை கிடையாது. திரும்பி வந்தவன், “நம்ம ஆளை யாரும் கொண்டுவரல மாமா” என்று சிரித்தான்.

அப்படியாயின் அவள் பயனற்றவளா? அப்படியும் சொல்வதற்கில்லை. பொட்டலம் பிரித்து, கிடைத்ததைக் கொண்டு அடுக்கமைத்து ஆடும் முறையில், 2018இல் டொமினாரியா தொகுதியில் அவள் மறுபடி வந்தபோதும், கையில் அகப்பட்டவர் மகிழ்ந்தே வைத்துக்கொண்டனர். சுவீடன் நாட்டில் தொடங்கிப் பல தேசங்களிற் பரவியுள்ள பழைய பாணி ஆட்டமொன்றில், 1993, 1994 ஆண்டுகளின் சீட்டுகள் மட்டுமே செல்லும். அங்கே அவளுடைய பழைய செல்வாக்கு குறையவில்லை. என் சொந்த அபிப்பிராயம் யாதெனில், ஐந்து செலவில் பறக்கும் பிராணி எதை அச்சிட்டாலும், ‘செராவை விட மேலா, கீழா?’ என்றே ஆடுவோர் முதலில் கேட்கின்றனர். மரக்காலில் அளந்த நெல் விலைபோன பின்னும் மரக்கால் வீட்டில் இருப்பது போல, அவள் இருந்துகொண்டிருக்கிறாள்.

இனிக் கடைக்கு வருவோம். ஒரு சீட்டு பழையது என்பதனால் மாத்திரம் விலை பெறாது. எப்பதிப்பு என்பதே முதற்கேள்வி. 1993 ஆகஸ்டில் வந்த ஆல்ஃபா பதிப்புக்குக் கரிய ஓரமும், மற்றவற்றினும் அதிகம் வளைந்த மூலைகளும் உண்டு. அடுத்து வந்த பீட்டாவுக்கும் ஓரம் கருமையே. மூலைகள் மட்டும் சற்றுக் குறைவாக வளைந்தவை. அவ்வாண்டு டிசம்பரில் வந்த அன்லிமிட்டெட் முதல் ஓரம் வெண்மையாயிற்று. 1994இல் வந்த ரிவைஸ்டு பதிப்பில் வண்ணமே வெளிறிவிட்டது. வெயிலில் உலர்த்திய சேலைபோல இருக்கும். கரிய ஓரமும் சதுர மூலைகளும் உள்ள ஒருவகை உண்டு. அது சேகரிப்போருக்கென 1993இல் தனியே அச்சிட்டது. அதன் பின்புறத்து ஓரம் பொன்னிறமாக இருக்கும், போட்டிகளிற் செல்லாது. முன்புறத்தை மட்டும் காட்டி அதை விற்க முயல்வோரும் உண்டாகையால், எதையும் திருப்பிப் பார்க்காமல் வாங்கலாகாது. ஆல்ஃபாவோ பீட்டாவோ ஆயின் தேவதைக்கு நூற்றுக்கணக்கிலும் அதற்கு மேலும் அமெரிக்க வெள்ளி கொடுப்பார் உளர். டின்னில் இருந்தவள் வெளிறிய வெண்ணோரத்தாள், ரிவைஸ்டு பதிப்பினள். அப்பதிப்பு மிக ஏராளமாக அச்சிடப்பட்டது. அவளுடைய இன்றைய விலை, நல்ல நிலையில் இருந்தாலும், ஓர் ஆள் கடையில் ஒருவேளை வயிறார உண்பதற்கு ஆகும் தொகையை ஒட்டியதே.

நல்ல நிலையில் இருந்தாலும் என்றேன். சீட்டுகளுக்குத் தரமிட்டு 10க்கு இத்தனை என்று மதிப்பெண் வழங்கும் ஸ்தாபனங்கள் அமெரிக்காவில் உண்டு. மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு, படம் நடுவே அமைந்திருக்கும் ஒழுங்கு ஆகியவற்றை அவை பூதக்கண்ணாடி கொண்டு ஆராயும். நம் சீட்டின் நான்கு மூலைகளும் நைந்து வெளுத்திருந்தன. குறுக்கே மெல்லிய மடிப்பு ஒன்று. அதனினும் பெரிய குற்றம், பின்புறத்து மூலையில் நீல மையால் எழுதப்பட்டிருந்த ஒரு தமிழெழுத்து. பிறர் சீட்டோடு கலந்துவிடாமலிருக்கப் பள்ளிப்பிள்ளைகள் அப்படி எழுதிக்கொள்வது வழக்கம். தரமிடுவோர் கண்ணில் அது கறை. ஆங்கிலம் அறியாத என் தமக்கையார் அந்தச் சீட்டில் வாசிக்கக் கூடியதாக இருந்தது அந்த ஓர் எழுத்துத்தான்.

இந்நிலையில், ஒருவேளைச் சாப்பாட்டு விலைகூடப் பெறாத சீட்டுக்கு வியாபாரி நூறு வெள்ளி தருவானேன்? தரும சிந்தையாலா? அதை நம்பும் அளவுக்கு நாம் பட்டணத்தில் புதியவர்கள் அல்லர். டின்னை மறுபடியும் முழுதும் கொட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெண்மையும் நீலமும் கலந்த அடுக்கை ஆடியவன் என் மருமகன். ஆகவே அவ்விரு நிறத்துக்கும் உரிய நிலங்கள் அவனிடம் இருந்திருக்க வேண்டும். இருந்தன. டண்ட்ரா என்னும் பெயருடைய நிலச்சீட்டு, ரிவைஸ்டு பதிப்பினது, இரண்டு. பிராணியில்லை, வாளில்லை, சிறகில்லை, வெறும் நிலக்காட்சி. சிறுவர் எவரும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடமாட்டார்கள். வெள்ளை ஆற்றலோ நீல ஆற்றலோ வேண்டியதைத் தரும் என்பதொன்றே அதன் தொழில். அப்படிப்பட்ட சீட்டு ஒன்றுக்கே நூற்றுக்கணக்கான அமெரிக்க வெள்ளி விலை வழங்குகிறது.

இது எவ்வாறு நேர்ந்தது? 1995இல் கம்பெனியார் பழைய சீட்டுகள் பலவற்றை கிரானிக்கிள்ஸ் என்னும் தொகுதியில் மறுபடியும் அச்சிட்டனர். அபூர்வமென்று எண்ணி வாங்கி வைத்திருந்தவர்கள் கொதித்தெழுந்தனர். அவர்களைச் சாந்தப்படுத்த 1996இல், ‘இன்னின்ன சீட்டுகளை இனி அச்சிடோம்’ என்று ஒரு பட்டியலை வெளியிட்டனர். இருநிற நிலங்கள் பத்தும் ரிவைஸ்டு பதிப்போடு நின்றுபோனவை. அவை அப்பட்டியலில் இடம்பெற்றன. தேவதை இடம்பெறவில்லை. ஆகவே அவள் மீண்டும் மீண்டும் அச்சேறிக்கொண்டிருக்கிறாள். நிலமோ உள்ளது உள்ளவ்வளவுதான். அன்றியும் பிராணிக்கு முதுமையுண்டு. இன்றைக்கு வலியவளை நாளைக்கு வருபவள் வென்றுவிடுவாள். ஒரு கேடுமின்றி இருநிறம் தரும் நிலத்தை வெல்லுமாறு ஒன்றை இதுவரை அவர்கள் செய்யவில்லை. 2005 முதல் வந்த நிலங்கள் சிலவற்றில், உடனே பயன்படுத்த வேண்டுமாயின் 2 உயிர்ப்புள்ளிகளைக் கொடுத்தாக வேண்டும். உழைப்பாளியின் கூலி நின்ற இடத்திலேயே நிற்க, அவன் காலடி மண்ணின் விலை மாத்திரம் ஏறிக்கொண்டே போனதைத் தோட்டங்களில் கண்ட நமக்கு இது புதுமையாகத் தோன்ற நியாயமில்லை.

வியாபாரி இரண்டாம் முறை வந்தபோது, “தேவதையை நீங்களே நூறு வெள்ளிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்; இவ்விரண்டு சீட்டும் எங்களிடமே இருக்கட்டும்” என்று சொல்லிப் பார்த்தேன். “ஐயா, அது வெறும் நிலந்தானே, அடுக்கு நிறைவாக இருப்பதற்காகச் சேர்த்துக் கேட்டேன்” என்றார். வெறும் நிலமாயின் விட்டுவிடலாமே என்றேன். கடிகாரத்தைப் பார்த்தார், வேறு வேலை இருப்பதாகக் கூறிப் புறப்பட்டார். பொய் சொன்னார் என்று அவர்மேல் வழக்குத் தொடுக்க இயலாது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மையே. விலையில்லாததைப் புகழ்ந்தார், விலையுள்ளதைப் பற்றிப் பேசாதிருந்தார், அவ்வளவே. ஆனால் கணவனை இழந்த பெண்ணும் மகனை இழந்த தாயும் இருக்கும் வீட்டில், மேசைமேல் சாயத்தேநீரைக் குடித்துக்கொண்டே அவ்விதம் பேசாதிருப்பதற்கு ஒருவகைத் துணிவு வேண்டும்.

தமக்கையாரிடம் உண்மையைச் சொல்லும் வேலைதான் எல்லாவற்றினும் கடினமாயிற்று. டின்னில் அரை மில்லியன் இருக்கிறதென்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆயினும் கூரையை மாற்றுவது பற்றியும், பேத்தியை மேற்கொண்டு படிக்க வைப்பது பற்றியும் சில மாதங்களாக அவர் பேசிவந்த பேச்சில் அது இருந்தது. நான் சீட்டுகளைப் பிரித்து வைத்து, இது இத்தனை, அது இத்தனை என்று விளக்கினேன். இரண்டு நிலங்களும் சேர்ந்து இரண்டாயிரம் வெள்ளிக்குச் சற்று மேல் கிடைக்கக்கூடும். மற்றவை அனைத்தும் சேர்ந்து இருநூறு தேறினால் அதிர்ஷ்டம் என்றேன். நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பின்னர் தேவதையைக் கையில் எடுத்து, “அப்போ இந்தப் பிள்ளைக்கு விலையே இல்லையா, தம்பி?” என்று கேட்டார்.

“ஒரு வேளைச் சோற்று விலை, அக்கா.”

“அப்போ இது இங்கேயே இருக்கட்டும். ஒரு வேளை சாப்பிடாம இருந்துக்கலாம்.”

நிலங்கள் இரண்டும் தலைநகரில் ஒரு சேகரிப்பாளருக்கு, நான் சொன்ன தொகையை ஒட்டியே விலைபோயின. பேத்தியின் முதற்பருவக் கட்டணமும் விடுதிச் செலவும் அதில் அடங்கின. பழைய மடிக்கணினி ஒன்றும் வாங்கப்பட்டது. கூரை அப்படியேதான் இருக்கிறது. மற்றச் சீட்டுகளை விற்பதற்குள் அப்பெண் குறுக்கிட்டு, தனக்கு ஆடக் கற்றுக்கொடுக்கும்படி கேட்டாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஆடுகிறோம். தகப்பனைப் போலவே வெள்ளையும் நீலமுமாக ஓர் அடுக்கு அமைத்திருக்கிறாள். 59 சீட்டுகளைத் தேர்ந்துவிட்டாள். அறுபதாவது எது என்பதில்தான் என்னோடு ஓயாமல் வழக்காடுகிறாள். நீல எழுத்திட்ட தேவதையைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பத்திரமாக வைத்திருப்பவளும் அவள்தான். அடுக்கில் அவாசினைத்தான் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவளும் அவள்தான். அவாசினுக்காக அவள் எடுத்துரைக்கும் நியாயங்கள் எல்லாம் நான் மேலே எழுதியுள்ளவையே. மறுப்பதற்கு இதுவரை எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.